சுருதியும் பிறர் நேரமும்

ஒலி காலத்தில் நிகழ்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு ஸ்வரம் தொடங்குகிறது, நிற்கிறது, முடிகிறது. அதற்கு முன்பும் பின்பும் காலம் இருக்கிறது. இந்தப் பார்வையில் காலம் ஒரு பாத்திரம், ஒலி அதில் ஊற்றப்படும் நீர். நீரின் நிறம் எதுவானாலும் பாத்திரத்தின் கொள்ளளவு மாறாது என்பதுபோல, சுருதி ஏறினாலும் இறங்கினாலும் ஸ்வரம் எடுத்துக்கொள்ளும் நேரம் மாறாது என்று எண்ணிக்கொள்கிறோம். கடிகாரத்தைப் பொறுத்தவரை இது சரி. கேட்கிறவனைப் பொறுத்தவரை சரியில்லை. அவனுடைய நேரம் சுருதியோடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் செய்கிறது. இதை உளவியலின் ஸ்வாரஸ்யமான துணுக்காக ஒதுக்கிவிட முடியாது. பிறர் காதில் விழும்படி குரலை ஏற்றுகிற, இறக்குகிற ஒவ்வொருவரும் பிறருடைய நேரத்தில் கைவைக்கிறார்கள் என்று ஆகிறது. அப்படியானால் அதற்கு அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். இக்கட்டுரையின் கேள்வி அதுதான்.

நம் சங்கீதக்காரர்கள் ‘சுருதி மாதா, லயம் பிதா’ என்பார்கள். இருவரும் வேறு ஆட்கள், இருவரும் வேண்டும் என்பது இதன் பொருள். எங்கே நிற்கிறோம் என்பதைச் சுருதி சொல்லும். எப்போது என்பதை லயம் சொல்லும். பௌதிகம் இந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுகிறது. விநாடிக்கு நாலைந்து முறை தட்டினால் தாளம். பத்துப் பன்னிரண்டு முறை தட்டினால் உருட்டு. ஏறத்தாழ இருபதைத் தாண்டியதும் தட்டுகள் தனித்தனியே கேட்பது நின்று, ஒரே தாழ்ந்த நாதமாக இழைந்துவிடுகின்றன. லயம் வேகம் கூடினால் சுருதி ஆகிறது. ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் இரண்டு கட்டை என்று நாம் சொல்வது விநாடிக்கு ஏறத்தாழ 294 அதிர்வுகள். நாலு கட்டை என்பது 349. கட்டை என்பது ஓர் இடத்தின் பெயர்போலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஒரு வேகத்தின் பெயர். ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹௌசன், காலம் எப்படிக் கழிகிறது என்ற பொருளில் தலைப்பிட்டு 1957இல் வெளியிட்ட கட்டுரை இந்த உண்மையின்மேல் நிற்கிறது. தாளமும் சுருதியும் ஒரே நீளக் கோட்டின் இரண்டு பகுதிகள். நம் செவியின் அமைப்புதான் அவற்றை இரண்டு அனுபவங்களாக்குகிறது.

லைப்னிட்ஸ் இதை இன்னும் முன்பே, 1712இல் ஒரு கடிதத்தில், வேறு விதமாகத் தொட்டிருக்கிறார். மனம் தான் எண்ணுகிறோம் என்பதே தெரியாமல் செய்கிற கணக்குதான் சங்கீதம் என்பது அவர் கருத்து. வங்கியில் நோட்டுக்கட்டை விரலால் எண்ணிப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். கைதேர்ந்த காசாளர் எண்களை உச்சரிப்பதில்லை, நினைப்பதுகூட இல்லை. விரல் ஓடுகிறது, நூறாவது தாளில் கை தானாக நிற்கிறது. இடையில் பக்கத்து மேஜைக்காரருடன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். எண்ணியது அவரா, விரலா? செவியின் நிலையும் இதுதான். விநாடிக்கு முந்நூறு அதிர்வுகளை அது எண்ணி, விடையை மட்டும் ‘இன்ன ஸ்வரம்’ என்று நமக்குக் கொடுக்கிறது. நமக்குத் தெரியாமல் நமக்குள் ஓடும் இந்தக் கணக்கு, நமக்குத் தெரிந்த காலத்தோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கும் என்று நினைப்பதுதான் ஆச்சரியம்.

தமிழ் இலக்கணம் எழுத்தைக் காலத்தால் அளந்த இலக்கணம். தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமைப்பையும் கைநொடியையும் எடுத்துக்கொண்டது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை. இதில் கவனிக்கவேண்டியது அளவுகோல் எங்கே இருக்கிறது என்பது. நிழலிலோ நாழிகை வட்டிலிலோ இல்லை. உடம்பில் இருக்கிறது. தூக்கம் வந்தவனுடைய இமையும் பயந்தவனுடைய இமையும் ஒரே கதியில் மூடித் திறப்பதில்லை. பதிமூன்றாம் நூற்றாண்டு நன்னூல் எடுத்தல், படுத்தல், நலிதல் என்ற முயற்சி வேறுபாடுகளால் எழுத்தொலி சிறிதளவு திரியும் என்று ஒரு சூத்திரத்தில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. இலக்கணத்துக்கு அந்தச் சிறிதளவு போதும். ஒரே ‘வா’, மாத்திரைக் கணக்கில் மாறாத இரண்டு மாத்திரை, தாய் சொன்னால் நீளமாகவும் காவல்காரன் சொன்னால் குறுகலாகவும் காதில் விழுவதை விளக்க அது போதாது.

மொழிக்கு இது தெரிந்திருக்கிறது. ராகத்தில் ஸ்வரங்கள் ஊடாடுவதற்குச் சஞ்சாரம் என்று பெயர். சஞ்சாரம் என்றால் நடமாட்டம். குரல் மேலே ‘போகிறது’, கீழே ‘இறங்குகிறது’, மேல் ஷட்ஜத்தை ‘எட்டுகிறது’. எல்லாம் இடத்தைக் குறித்த சொற்கள். ஒலிக்கு இடமில்லை, ஆனாலும் சுருதியை நாம் இடமாகத்தான் உணர்கிறோம். இடமானால் அங்கே போய்ச்சேர நேரம் வேண்டுமல்லவா? இந்தக் கேள்வியை 1954இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கோஹன், ஹான்ஸல், சில்வெஸ்டர் என்ற மூன்று உளவியலாளர்கள் பரிசோதித்தார்கள். மூன்று ஒலிகளை வரிசையாகக் கேட்கச் செய்து, இடையிலுள்ள இரண்டு இடைவெளிகளையும் ஒப்பிடச் சொன்னார்கள். நடு ஒலியின் சுருதி முதல் ஒலியிலிருந்து தள்ளியும் கடைசி ஒலிக்கு அருகிலும் இருந்தால், முதல் இடைவெளி நீண்டதாகக் கேட்டது. கடிகாரத்தில் இரண்டும் சமமாக இருந்தாலும் அப்படித்தான். தூரமான ஸ்வரத்துக்குப் போகிற மனம், போன தூரத்துக்கு நேரத்தைப் பற்று எழுதிவிடுகிறது.

பின்னால் வந்த சோதனைகள் இதைப் பெருக்கின. ஒரே வேகத்தில் போகும் மெட்டை உயர்ந்த சுருதியிலும் கணீரென்ற நாதத்திலும் வாசித்தால் அது வேகமாகப் போவதாகக் கேட்கிறது என்று 2011இல் மேரிலின் போல்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் காட்டினார். 2014இல் கனடாவில் லாரல் டிரெய்னரின் குழு, உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் சேர்ந்து வரும்போது கால விலகலை நம் செவி தாழ்ந்த ஒலியில்தான் கூர்மையாகப் பிடிக்கிறது என்று கண்டது. காலக்கணக்கை வைத்துக்கொள்ளும் பொறுப்பைத் தாழ்ந்த ஒலிக்கு விடும் வழக்கம் பல நாட்டு இசைகளில் இருப்பதற்கு இதை அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். தவிலைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது. கூடு போட்ட விரல்கள் வலந்தலையில் பொரிந்து தள்ளும். குச்சியால் அடிபடும் தொப்பிதான் கணக்கைத் தரையில் ஊன்றும். வலந்தலையைக் கேட்டு வியக்கிறோம். தொப்பியைக் கேட்டுத்தான் தலையை ஆட்டுகிறோம்.

*

பெர்க்ஸன், கடிகாரக் காலத்துக்கு மாறான உள்காலத்தை விளக்க ஒரு மெட்டைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். மெட்டின் ஸ்வரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைவதுபோல நம் கணங்களும் கரைகின்றன என்றார். நம் இலக்கியவாதிகளுக்குப் பழகிப்போன விஷயம் இது. அவர் கேட்காமல் விட்ட கேள்விகளும் உண்டு. அந்த மெட்டு எத்தனை கட்டையில்? வாசிப்பவன் நிற்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா? கேட்பவன் விரும்பி வந்தவனா, எழுந்து போக முடியாதவனா? இந்தக் கேள்விகளைக் கேட்டால் உள்காலம் என்பது முழுக்க உள்ளே இல்லை என்பது தெரியவரும். இதற்கு எங்கள் காவிரிக் கடைமடையில், ஒரு வாத்தியத்தின் சரித்திரத்திலேயே, உதாரணம் இருக்கிறது.

பழைய நாகஸ்வரம் திமிரி. குட்டையான குழல், உயர்ந்த சுருதி. நாலு கட்டையும் அதற்கு மேலும். அது தெருவுக்கும் கோயில் பிராகாரத்துக்கும் உரிய வாத்தியம். விடியலில் பூபாளம், இரவில் பள்ளியறைக்கு நீலாம்பரி என்று ஊருக்கு நேரம் சொன்னதும் அதுதான். சுவாமி புறப்பட்டால் மல்லாரி. வாசிக்கிறவர் நடந்துகொண்டோ நின்றுகொண்டோ வாசித்தார். பண்ணையார் வீட்டு வாசலில் மேல்வேட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசித்தார். அவர் வாசித்த நேரம் அவருடையதாக இல்லை. சுவாமி எப்போது நகரவேண்டும், மாப்பிள்ளை எப்போது மணையில் உட்காரவேண்டும் என்று முடிவுசெய்தவர்கள் வேறு பேர். உயர்ந்த சுருதி இந்த ஏற்பாட்டுக்குப் பொருத்தமானது. மனிதச் செவி விநாடிக்கு 2000 முதல் 5000 வரையான அதிர்வுகளில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது. சிசுவின் அழுகை உறைப்பதும் இந்தப் பகுதியில்தான். திமிரியின் காரமான மேல் நாதங்களும் அங்கே போய்க் குத்துகின்றன. அது அழைக்கிற ஒலி. ‘எழுந்திரு, வா, பார்’ என்று சொல்லும். ‘உட்கார்’ என்று சொல்லாது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இதை மாற்றினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் அவருக்காகக் கடைந்து கொடுத்த பாரி நாகஸ்வரம் நீளமானது. சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. பழைய குழலில் சண்டித்தனம் செய்த சுத்த மத்தியமம் இதில் துல்லியமாகப் பேசிற்று. இன்று கச்சேரிகளில் நாம் கேட்பது பெரும்பாலும் இந்த வம்சம்தான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகச் சொல்வது வழக்கம். சுருதியைத் தாழ்த்தி வாத்தியத்தைத் திருத்தினார் என்பது ஒன்று. கிராப்பும் கோட்டுமாக வந்து, மேடை போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நாகஸ்வரக்காரர்களுக்கு மரியாதையைப் பிடிவாதமாக வாங்கிக் கொடுத்தார் என்பது மற்றொன்று. முதலாவதைச் சங்கீத சரித்திரத்திலும் இரண்டாவதைச் சமூக சரித்திரத்திலும் சேர்க்கிறார்கள். என் எண்ணத்தில் இவை இரண்டும் ஒரே காரியம்.

நிற்கிறவன் பிறர் நேரத்தில் வாசிக்கிறான். உட்கார்ந்தவன் தன் நேரத்தில் வாசிக்கிறான். உட்கார்ந்தவனுக்கு, எதிரே உட்காரச் சொல்கிற நாதம் வேண்டும். திமிரியில் ஒரு கார்வை நின்றால் அது கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாகப் படும். கொஞ்ச நேரத்தில் கேட்கிறவனுக்கு ஏதோ செய்தாகவேண்டும் போலிருக்கும். பாரியில் அதே கார்வை நின்றால் அது ஓர் இடமாகிறது. அங்கே தங்கலாம். அவருடைய தோடி மணிக்கணக்கில் விரிந்தது என்பதை அவருடைய கற்பனையின் வளமாகச் சொல்கிறார்கள். வளம் உண்மைதான், அந்த வளம் விரிவதற்கு நேரத்தை வாங்கிக் கொடுத்தது தாழ்ந்த சுருதி. ஒரு கலைஞன் தன் நேரத்தின்மேல் தனக்குள்ள உரிமையை எதிராளியிடம் கேட்டு வாங்க முடியாத சமூகத்தில், வாத்தியத்தின் நீளத்தைக் கூட்டி வாங்கிக்கொண்டான்.

*

இங்கே நிறுத்திக்கொண்டால் தாழ்ந்த சுருதி நல்லது, உயர்ந்த சுருதி கெட்டது என்ற சுலபமான தர்மம் கிடைக்கும். அது பொய். மூன்று ஆட்சேபங்களை எழுப்பிக்கொள்ளவேண்டும்.

முதல் ஆட்சேபம் மதிலுக்கு வெளியே இருந்தவர்களுடையது. கோயில் நுழைவுச் சட்டங்கள் வருவதற்கு முன் சேரியில் இருந்தவர்கள் நாகஸ்வரத்தை எங்கிருந்து கேட்டிருப்பார்கள்? தெருவைக் கடந்து, வயலைக் கடந்து வந்து விழுந்த அளவில்தான். அழைக்கிற ஒலி, அழைக்கப்படாதவர்கள் காதிலும் விழும். உட்காரச் சொல்கிற ஒலி, உட்கார இடம் உள்ளவர்களிடம்தான் அதைச் சொல்லும். ஜமக்காளம் விரித்த பந்தலுக்குள் தோடி விரிந்தபோது, உள்ளே இருந்தவர்களின் நேரம் நீண்டது. வெளியே இருந்தவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது என்பதைச் சரித்திரம் எழுதிவைக்கவில்லை. ராஜரத்தினம் பிள்ளை மீட்ட நேரம் அவருடையது, அவருடைய சகாக்களுடையது. அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஒருவர் மீட்ட நேரம் எல்லோருக்கும் மீண்டுவிட்டது என்று நாம் எழுதுவதற்குத்தான் உரிமை இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் நடவு வயலில் இருந்து வருகிறது. நடவுப் பாட்டில் முதல் குரல் எடுப்பவள் உச்சியில் எடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குனிந்த முதுகுக்கு வெயிலின் நேரம் நீளமானது. பாட்டு அதைச் சுருக்கிற்று. இதுவரை சரி. அந்தப் பாட்டு கையையும் வேகப்படுத்திற்று. வேகம் கூடிய கையால் நிரம்பியது யாருடைய வயல்? ஒரே உயர்ந்த சுருதி கூலிக்காரிக்கு ஆறுதலாகவும் மிராசுதாருக்கு லாபமாகவும் ஒரே கணத்தில் இருந்திருக்கிறது. எது அதிகம் என்று இன்று தராசு பிடித்துச் சொல்ல முடியாது. திருத்துறைப்பூண்டிப் பகுதியில் சீனிவாசராவும் தோழர்களும் 1940களில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து நின்றார்கள். சவுக்கு உடம்பின்மேல் விழுவது எல்லோருக்கும் தெரியும். அதை நிறுத்தச் சொல்லிக் கேட்க முடியும். நேரத்தின்மேல் விழும் குரல் தழும்பு வைப்பதில்லை. அதை எதிர்த்து எந்த மனுவில் என்ன எழுதுவது? நடவு இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கும் இந்த நாளில் அந்தப் பாட்டு போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள், யாருடைய முதுகிலிருந்து அது எழுந்தது என்பதையும் சேர்த்து வருந்தவேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் காற்றினுடையது. 2018 நவம்பர் 16 அதிகாலை, 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்ததாகப் பதிவு சொல்கிறது. இரண்டு மணி நேரம். அந்த இரவைக் கண்டவர்கள் யாரும் அதை இரண்டு மணி நேரம் என்று சொல்வதில்லை. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. இருட்டில் செவி ஒன்றுதான் புலன். கம்பியிலும் கிளையிலும் ஓட்டின் விளிம்பிலும் காற்று மோதிச் சீறும்போது, காற்றின் வேகம் கூடினால் சீற்றத்தின் சுருதியும் கூடும். இது பௌதிக விதி. எனவே அன்றிரவு சுருதிதான் கடிகாரம். அது ஏறும்போதெல்லாம் இனி ஏற இடமில்லை என்று நினைத்தார்கள்; ஏறிற்று. நேரத்தை நீட்டுவதே கொடை என்று சொல்கிறவன் இந்த இரவைக் கணக்கில் சேர்க்கவேண்டும். மணிக்கணக்கில் நீண்ட தோடியும் விடிய மறுத்த இந்த இரவும் அளவில் ஒன்றுதான். எழுந்து போகலாம் என்ற சாத்தியம் ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை.

ஆக, நேரம் நீள்கிறதா சுருங்குகிறதா என்பதில் தர்மம் இல்லை. கேட்கிறவனுக்குச் சம்மதம் சொல்ல வழி இருந்ததா என்பதில் இருக்கிறது. சம்மதம் சொல்ல, முதலில் தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது அவனுக்குத் தெரியவேண்டும்.

*

இதுவரை அது ஓரளவு தெரிந்துகொண்டிருந்தது. காரணம், இயற்கையில் அவசரம் தன்னை மறைத்துக்கொள்ள முடியாது. வேகம் கூடினால் சுருதியும் கூடும். வாய்க்கால் ஓரத்து டீசல் என்ஜின் தண்ணீர் அறுந்ததும் சுமை குறைந்து ஓட்டமெடுக்கும், குரல் உயரும். வரப்பில் படுத்திருப்பவர் கண் திறக்காமலே அதைத் தெரிந்துகொண்டு எழுவார். கிராமபோன் காலத்திலும் இந்த நேர்மை இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று என்று வெட்டிய தட்டை வேகமாகச் சுழற்றினால் கிட்டப்பாவின் குரலும் கீச்சென்று குழந்தைக் குரலாகிவிடும். சாவி தளர்ந்தால் பாட்டு இழுத்துக்கொண்டே கட்டை இறங்கும். பாட்டைச் சீக்கிரம் முடிக்க நினைத்தால் பாடியவரைக் கேலிப்பொருளாக்க வேண்டியிருந்தது. காலத்துக்கு நாம் செய்கிற வன்முறைக்குச் சுருதி சாட்சியாக நின்றது.

அந்தச் சாட்சியை இப்போது கலைத்துவிட்டார்கள். 2021இலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்தியை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கலாம். குரல் கீச்சிடாது. சுருதியை அப்படியே நிறுத்திவைத்து நேரத்தை மட்டும் உருவி எடுக்கிற கணக்கைக் கருவி செய்துவிடுகிறது. கிராமத்திலிருந்து தாய் மூன்று நிமிடம் பேசி அனுப்புகிறாள்: மழை வந்தது, மாடு கன்று போட்டது, மாமாவுக்கு உடம்புக்கு முடியவில்லை. மகன் ஒன்றரை நிமிடத்தில் கேட்டு முடிக்கிறான். தாயின் குரல் தாயின் குரலாகவே இருக்கிறது. மாமாவைப் பற்றிச் சொல்லுமுன் அவள் விட்ட மூச்சு மட்டும் பாதியாகிவிட்டது. கிராமபோனாக இருந்தால் அவள் குரல் கோணியிருக்கும். மகனுக்கு வெட்கம் வந்திருக்கும். இங்கே கோணுவதற்கு ஒன்றுமில்லை. பிறருடைய நேரத்தை எடுத்துக்கொள்வதை உயர்ந்த சுருதியின் குற்றமாக மேலே சொன்னேன். இது அதைவிட நுட்பமானது. சுருதியே மாறாமல் எடுத்துக்கொள்வது.

சட்டத்துக்கு இந்தத் தளம் இன்னும் எட்டவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. எத்தனை டெசிபல் என்று அளவு வைக்கின்றன. சத்தத்தின் பருமனையும் கடிகாரத்தின் மணியையும் சட்டம் பார்க்கிறது. சுருதியைப் பார்ப்பதில்லை. கம்பத்தில் கட்டிய கூம்புக் குழாய் அடிநாதத்தை விழுங்கிவிட்டு மேல்நாதத்தை மட்டும் துப்பும் சாதனம். அதில் போட்டால் பாரியும் திமிரியாகத்தான் வெளியே வரும். எந்தச் சாமியின் பாட்டானாலும், எந்தக் கட்சியின் பேச்சானாலும், கூம்பு வழியே வரும்போது ‘எழுந்திரு, வா’ என்கிற ஒரே வாக்கியமாகிவிடுகிறது.

கவுண்டருக்கு உட்புறம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லலாம். நகைக்கடன் புதுப்பிக்க வரும் ஒரு முதியவர் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். ‘பாஸ்புக் எங்கே?’ என்ற கேள்வியைக் கீழ்க் குரலில் கேட்டால் அவர் தேடி எடுத்துவிடுகிறார். அதே சொற்களை இரண்டு கட்டை ஏற்றிக் கேட்டால் அவருடைய விரல்கள் தடுமாறுகின்றன. எடுத்த காகிதத்தையே திரும்ப எடுக்கிறார். கடிகாரத்தில் அவருக்குக் கொடுத்த நேரம் இரண்டு தடவையும் ஒன்றுதான். கேட்டால், ‘நான் ஒன்றும் அவரை விரட்டவில்லையே’ என்று எந்த எழுத்தரும் சத்தியம் செய்யலாம், சொல்லளவில் பொய்யில்லை. இத்தனைக்கும் அவர் எழுந்து போகவும் முடியாது. மகளின் சங்கிலி உள்ளே இருக்கிறது. அதிகாரம் பெரும்பாலும் கட்டளைகளால் நடப்பதில்லை, சுருதியால் நடக்கிறது. கட்டளையைப் பதிவு செய்து மேலிடத்துக்குப் புகார் எழுதலாம். சுருதியை எதில் எழுதுவது?

*

அச்சிட்ட எழுத்துக்குச் சுருதி இல்லை என்று நம்முடைய வட்டத்தில் யாராவது சொல்லலாம். வாசிக்கிறவன் உள்ளே ஒரு குரலில்தான் வாசிக்கிறான். அந்தக் குரல் எந்தக் கட்டையில் என்பதை வாக்கியம்தான் தீர்மானிக்கிறது. மௌனியின் ஒரு பக்கத்தைப் படிக்க ஆகும் நேரமும் அதே நீளமுள்ள ஒரு கண்டனக் கட்டுரையைப் படிக்க ஆகும் நேரமும் கடிகாரத்தில் ஏறக்குறைய சமம். முதலாவதில் நமக்கு நேரம் இருந்தது என்ற உணர்வு எஞ்சுகிறது. இரண்டாவதில் யாரோ வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்த உணர்வு. தமிழ்ச் சிறுபத்திரிகை விமர்சனம் பெரும்பகுதி திமிரியில் வாசிக்கப்பட்டது. அதற்கு நியாயம் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஊரை எழுப்ப வேண்டியிருந்தது. மதிலுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கவேண்டியிருந்தது. எழுந்து வந்தவர்களிடமும் அதே சுருதியில்தான் தொடர்ந்து பேசவேண்டுமா என்பதை நாம் கேட்டுக்கொள்ளவில்லை. எதிர்க்கருத்துக்காரனுக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் ஜெயித்த வாதம் ஜெயித்த வாதமா என்பதையும்.

நாகஸ்வர மேளத்தில் ஒத்து என்று ஒரு குழல் உண்டு. அதில் ராகம் இல்லை, சஞ்சாரம் இல்லை. ஆதார ஷட்ஜத்தை மட்டும், மூச்சு விட்டது தெரியாமல், ஒருவர் ஊதிக்கொண்டே இருப்பார். மற்றவர் எவ்வளவு ஏறினார், எவ்வளவு இறங்கினார், போனவர் திரும்பி வந்தாரா என்பதெல்லாம் அவர் நகராமல் இருப்பதால்தான் தெரியும். ராஜரத்தினம் பிள்ளை தம் மேடையில் ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். இன்று பல இடங்களில் சுருதிப்பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. ஆள் போய்விட்டார். தமிழில் அவர் தொழில் மட்டும் ஒரு வசவாக மிஞ்சியிருக்கிறது: பெரியவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம். ஊரில் எல்லோரும் கட்டையை ஏற்றிக்கொண்டிருந்தபோது தான் மட்டும் ஏற்றாமல் இருந்தவருக்கு மொழி கொடுத்த கூலி அது. விமர்சகனுக்கு அவருடைய வேலையைத்தான் சிபாரிசு செய்வேன். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாசிக்கட்டும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது கேட்கிறவனுக்குத் தெரிய, ஒரு ஷட்ஜம் நிற்கவேண்டும். வசவு கிடைக்கத்தான் செய்யும்.